அபராதம் விதிக்கப்பட்ட கணிதப் பேராசிரியர்

1934-ம் ஆண்டு. பம்பாயில் ஒரு வழக்கு நடந்தது.

குற்றம் சாட்டப்பட்டவர் திருடர் அல்ல. கொலைகாரரும் அல்ல. கல்லூரியில் கணிதம் கற்பித்த பேராசிரியர். வயது 52.

கணவன்-மனைவி வாழ்க்கை பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்குத் தம் பத்திரிகையில் பதில் எழுதினார். அது ஆபாசம் என்று போலீசார் அவரைக் கைது செய்தார்கள்.

அவருக்காக வாதாட ஒரு பாரிஸ்டர் வந்தார். அவர்தான் டாக்டர் அம்பேத்கார்.

அந்தப் பேராசிரியரின் பெயர் ரகுநாத் தோண்டோ கார்வே. இந்தியாவில் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு முதல் விதை போட்டவர்களில் முக்கியமானவர். எத்தனை குழந்தை, எப்போது குழந்தை என்று முடிவு செய்யும் உரிமை பெண்ணுக்கு உண்டு என்று, அந்தப் பேச்சையே பாவமாக நினைத்த காலத்தில் எழுதியவர். அதற்காக வேலையை இழந்தார். இரண்டு முறை அபராதம் விதிக்கப்பட்டார். கொள்கையை மட்டும் விடவில்லை.

தாயைப் பறித்த பிரசவம்

ரகுநாத் 1882-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி கொங்கணக் கரையில் உள்ள முருட் என்ற ஊரில் பிறந்தார். ரத்னகிரி பகுதியைச் சேர்ந்த ஊர் அது.

தந்தை தோண்டோ கேசவ் கார்வே. பிற்காலத்தில் மகரிஷி கார்வே என்று நாடு போற்றியது இவரைத்தான். தாயார் ராதாபாய்.

1891-ல் பிரசவத்தின்போது ராதாபாய் இறந்துபோனார். அப்போது ரகுநாத்துக்கு வயது ஒன்பது.

சின்ன வயதில் கல்யாணம். அடுத்தடுத்துப் பிரசவம். கடைசியில் பிரசவத்திலேயே மரணம். அந்தக் காலத்தில் எத்தனையோ வீடுகளில் நடந்தது இதுதான். விதி என்று எண்ணி ஊர் பேசாமல் இருந்தது. ரகுநாத் பிற்காலத்தில் எதை எதிர்த்துப் போராடினாரோ, அது அவர் வீட்டுக்குள்ளேயே நடந்திருந்தது.

மனைவியை இழந்த தோண்டோ கார்வே, 1893-ல் ஒரு விதவையை மறுமணம் செய்துகொண்டார். ஊரே கொதித்து எழுந்தது. சொந்த ஊரான முருட்டில் அவரைச் சாதி விலக்கம் செய்தார்கள். அவர் கலங்கவில்லை. பூனாவில் விதவைகள் இல்லம் தொடங்கினார். 1916-ல் பெண்களுக்கு என்று தனிப் பல்கலைக்கழகமே நிறுவினார்.

ஊருக்குப் பயந்து உண்மையை மறைக்கக்கூடாது என்ற பாடத்தை மகன் இந்தத் தந்தையிடமே கற்றுக்கொண்டார். ஆனால், தந்தை போகாத தூரத்துக்கு மகன் போனார்.

படிப்பில் முதல்வர்

ரகுநாத் படிப்பில் கெட்டிக்காரர். 1899-ல் மெட்ரிகுலேசன் பரீட்சையில் முதலாவதாகத் தேறினார். பூனா பெர்குசன் கல்லூரியில் படித்து 1904-ல் பி.ஏ. பட்டம் பெற்றார். தந்தையைப்போலவே கணிதப் பேராசிரியர் ஆனார். மேல்படிப்புக்காகப் பாரிஸ் நகருக்கும் போய்வந்தார்.

மேல்நாடுகளில் அப்போது கருத்தடை பற்றிப் பெரிய விவாதம் நடந்துகொண்டிருந்தது. ரகுநாத் அந்தப் புத்தகங்களை எல்லாம் தேடித் தேடிப் படித்தார். மனைவி மாலதியுடன் கலந்து பேசி, தங்களுக்குக் குழந்தை வேண்டாம் என்று தீர்மானித்தார். குழந்தை இல்லாத வீட்டை ஊர் எப்படிப் பேசும் என்பது இருவருக்கும் தெரியும். தெரிந்தேதான் அந்த முடிவை எடுத்தார்கள்.

1921-ல் தொடங்கிய நிலையம்

1921-ம் ஆண்டு பம்பாயில் ரகுநாத் கார்வே ஒரு கருத்தடை ஆலோசனை நிலையத்தைத் தொடங்கினார். இந்தியாவில் இப்படி ஒரு நிலையம் அதுவே முதல் தடவை என்று கூறப்படுகிறது.

லண்டன் நகரில் மேரி ஸ்டோப்ஸ் என்ற பெண்மணி இத்தகைய நிலையத்தைத் திறந்ததும் இதே 1921-ல்தான். அமெரிக்காவில் மார்கரெட் சாங்கர் 1916-ல் ஒரு நிலையத்தைத் திறந்தார். பத்து நாட்களில் போலீசார் வந்து மூடிவிட்டார்கள். ஆகவே, மேல்நாடு நூறு ஆண்டு முன்னே போய்விட்டது, இந்தியா பின்னால் நின்றது என்று சொல்வதற்கு இல்லை. லண்டனில் நடந்த அதே ஆண்டில் பம்பாயிலும் நடந்தது.

அன்று மாத்திரை கிடையாது. ஆபரேஷனும் பரவலாக இல்லை. ரப்பரால் ஆன சாதனங்களும், சில ரசாயனப் பொருள்களும்தான் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை வெளிநாட்டில் இருந்து வரவேண்டும். கார்வே அவற்றைத் தருவித்து விற்றார். எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கிச் சொன்னார். 1923-ல் குழந்தைப்பேற்றைக் கட்டுப்படுத்தும் முறைகள் பற்றி மராட்டியில் ஒரு புத்தகமும் வெளியிட்டார்.

வேலை போயிற்று

அப்போது அவர் வில்சன் கல்லூரியில் வேலை பார்த்தார். பம்பாய் சவுபாட்டி கடற்கரைக்கு எதிரே இன்றும் கம்பீரமாக நிற்கும் கல்லூரி அது. ஸ்காட்லாந்து பாதிரிமார்கள் நிறுவியது.

கருத்தடையை எந்தக் கிறிஸ்தவ சபையும் அப்போது எளிதில் ஏற்கவில்லை. ஆங்கிலிகன் சபையின் பிஷப்புகள் மாநாடு நிபந்தனையுடன் இணங்கியதே 1930-ல்தான். பேராசிரியரின் பிரசாரம் கல்லூரி நிர்வாகத்துக்குப் பிடிக்கவில்லை. ராஜினாமா செய்யும்படி கேட்டார்கள்.

பிரசாரத்தை நிறுத்தினால் வேலையில் நீடிக்கலாம். தொடர்ந்தால் சம்பளம் இல்லை. நிரந்தர வேலையின் அருமை மாதச் சம்பளக்காரர்களுக்குத்தான் தெரியும். கார்வே வேலையை விட்டார்.

சட்டம் என்ன சொன்னது?

வெள்ளையர் ஆட்சியில் இந்தியாவில் கருத்தடை சாதனம் விற்பதைத் தடுக்க நேரடிச் சட்டம் இல்லை. அமெரிக்காவில் 1873-ல் கொண்டுவந்த சட்டம், கருத்தடை பற்றிய காகிதத்தைக்கூட தபாலில் அனுப்பக்கூடாது என்றது. அப்படிப்பட்ட சட்டம் இங்கே வரவில்லை.

ஆனால் வேறு இரண்டு பிரிவுகள் இருந்தன. இரண்டும் 1860-ம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தில் உள்ளவை.

ஒன்று, 312-வது பிரிவு. தாயின் உயிரைக் காப்பாற்ற என்றால் தவிர, கருக்கலைப்பு குற்றம். கலைத்தவருக்கு மட்டும் அல்ல, கலைத்துக்கொண்ட பெண்ணுக்கும் தண்டனை உண்டு.

இன்னொன்று, 292-வது பிரிவு. ஆபாசமான எழுத்தை விற்பது குற்றம். எது ஆபாசம் என்று அந்தப் பிரிவு விளக்கம் கூறவில்லை. அதை நீதிபதிதான் முடிவு செய்யவேண்டும்.

பெண்கள் கருவைக் கலைக்க மறைவான இடங்களுக்குப் போய் உயிரை விடுவதற்குக் காரணமே, கரு உண்டாகாமல் தடுக்கும் வழி அவர்களுக்குத் தெரியாததுதான் என்பது கார்வேயின் வாதம். ஆனால் அந்த வழியைச் சொன்னால் 292-வது பிரிவு வந்தது. தெரியாமல் கர்ப்பம் ஆனால் 312-வது பிரிவு வந்தது. இரண்டு பக்கமும் சட்டம் நின்றது. நடுவில் பெண் நின்றாள்.

இதுபோன்ற வழக்கு இங்கிலாந்தில் முன்பே நடந்தது. 1877-ல் கருத்தடை பற்றிய சிறு புத்தகம் ஒன்றை வெளியிட்டதற்காக சார்லஸ் பிராட்லா என்பவரும் ஒரு பெண்ணும் லண்டன் கோர்ட்டில் நிறுத்தப்பட்டார்கள். தண்டனை கிடைத்தது. சட்ட நுணுக்கத்தைக் காட்டி அப்பீலில் தப்பினார்கள். ஆனால், மறு ஆண்டே அந்தப் பெண்ணிடம் இருந்து அவர் பெற்ற மகளைக் கோர்ட்டு பிரித்துவிட்டது. அந்தப் பெண்மணி வேறு யாரும் அல்ல. பிற்காலத்தில் சென்னை அடையாற்றில் வாழ்ந்த அன்னி பெசண்ட் அம்மையார்தான்.

தனி மனிதர் நடத்திய பத்திரிகை

1927-ம் ஆண்டு ஜூலையில் கார்வே "சமாஜ் ஸ்வாஸ்த்ய" என்ற மராட்டி மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். சமூக ஆரோக்கியம் என்பது பொருள்.

பண பலம் கிடையாது. விற்பனையும் அதிகம் இல்லை. பெரும்பாலும் தாமே எழுதினார். கருத்தடை, பால்வினை நோய், திருமணம், உணவு, உடல் நலம் என்று எதையும் ஒளிக்காமல் எழுதினார். அட்டையில் பெண்ணின் நிர்வாணச் சித்திரத்தை அச்சிட்டார். உடலைப் பார்த்து வெட்கப்பட என்ன இருக்கிறது என்பது அவர் கேள்வி. நண்பர்களுக்கே அது உறுத்தியது. அவர் மாற்றிக்கொள்ளவில்லை. விட்டுக்கொடுக்கும் குணம் அவரிடம் இல்லை. அதனால் துணைக்கு வரக்கூடிய சிலரையும் அவர் இழந்தார்.

பத்திரிகையில் கேள்வி-பதில் பகுதிக்குத் தனி இடம் இருந்தது. கேட்டவர்களில் பெரும்பாலோர் படித்த நடுத்தர வர்க்க ஆண்கள். வீட்டிலும் கேட்க முடியாது, டாக்டரிடமும் கேட்கக் கூச்சம். விந்து வீணானால் உடல் பலம் போய்விடும் என்ற பயம் பலருக்கு இருந்தது. போலி வைத்தியர்கள் அந்தப் பயத்தை வைத்துப் பணம் பறித்தார்கள். அது வெறும் பயம்தான், நோய் அல்ல என்று கார்வே நேராகச் சொன்னார்.

பெண்கள் விஷயத்தில் அவர் சொன்னது இன்னும் துணிச்சலானது. குழந்தை பெற்றுத்தரும் கருவியாகப் பெண்ணை நினைக்கக்கூடாது. தாம்பத்திய சுகம் ஆணுக்கு எவ்வளவு உரியதோ, அவ்வளவு பெண்ணுக்கும் உரியது. கர்ப்ப பயம் இல்லாமல் வாழும் வழி தெரிந்தால்தான் அவள் சுதந்திரம் பெற முடியும். இதுவே அவர் எழுத்தின் சாரம்.

100 ரூபாய் அபராதம்

1931-ல் முதல் வழக்கு வந்தது. கள்ள உறவு பற்றி அவர் எழுதிய கட்டுரை ஆபாசம் என்று பழமைவாதிகள் கிளம்பினார்கள். கைது செய்யப்பட்ட கார்வேக்கு 100 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அப்பீல் செய்தும் பயன் இல்லை.

அன்று 100 ரூபாய் என்பது சாதாரணத் தொகை அல்ல. வேலையை விட்ட மனிதருக்கு அது பெரிய சுமை. ஆனால் அடுத்த இதழ் வழக்கம்போல் வந்தது.

அம்பேத்கார் வந்தார்

1934 பிப்ரவரியில் மீண்டும் கைது. இந்த முறை வாசகர்களின் கேள்விகளுக்கு அளித்த பதில்களே குற்றம். சுய இன்பம், ஓரினச் சேர்க்கை ஆகியவை பற்றிய கேள்விகள் அவை.

வழக்கை டாக்டர் அம்பேத்கார் எடுத்துக்கொண்டார். அப்போது அவர் நாடு முழுவதும் தெரிந்த தலைவர். லண்டன் வட்டமேஜை மாநாடுகளில் கலந்துகொண்டு திரும்பியவர். 1932-ல் காந்திஜியுடன் பூனா ஒப்பந்தம் செய்தவர். இப்படிப்பட்ட வழக்கில் வாதாடினால் தமது பெயர் கெடுமே என்று அவர் எண்ணவில்லை.

பெண்களின் பிரசவக் கஷ்டம் அவருக்குப் புதிய விஷயமும் அல்ல. 1928-ல் பம்பாய் சட்டசபையில், ஆலைகளில் வேலை செய்யும் பெண்களுக்குப் பிரசவ காலச் சலுகை தரும் மசோதாவை ஆதரித்துப் பேசியவர் அவர். 1929-ல் அது சட்டம் ஆயிற்று. இந்தியாவில் இத்தகைய முதல் சட்டம் பம்பாய் மாகாணத்தில்தான் வந்தது.

வழக்கு பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நடந்தது. பால் உறவு பற்றி எழுதினாலே அது ஆபாசம் ஆகிவிடாது என்று அம்பேத்கார் வாதாடினார். இத்தகைய வக்கிரமான கேள்விகளை ஏன் வெளியிடவேண்டும் என்று கேட்கப்பட்டது. அதற்கு அவர் அளித்த விளக்கம் முக்கியமானது. கேள்வி வக்கிரமானது என்றே வைத்துக்கொண்டாலும், அறிவு புகட்டாமல் அதை எப்படிப் போக்குவது? ஆகவே கேட்டவனுக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும் என்றார். இங்கிலாந்து ஆராய்ச்சியாளர் ஹாவ்லாக் எல்லிஸ் எழுதியதை எடுத்துக்காட்டினார். ஒருவருக்கு இயற்கையாக அமைந்த இச்சையை குற்றமாகக் கருதக்கூடாது என்றும் கூறினார்.

வாதம் எடுபடவில்லை. கார்வேக்கு 200 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது.

அன்று தோற்ற வாதம் பிற்காலத்தில் வென்றது. 1969-ல் 292-வது பிரிவு திருத்தப்பட்டது. அறிவியல், இலக்கியம், கலை, கல்வி ஆகியவற்றுக்காகப் பொது நன்மையை முன்னிட்டு வெளியிடப்படும் எழுத்துக்கு விலக்கு அளிக்கப்பட்டது. 2024 ஜூலையில் பழைய தண்டனைச் சட்டம் போய், பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டம் அமலுக்கு வந்தது. அதிலும் அந்த விலக்கு இருக்கிறது. பெரியவர்கள் மனம் ஒப்பி ஈடுபடும் ஓரினச் சேர்க்கை குற்றம் அல்ல என்று சுப்ரீம் கோர்ட்டு 2018-ல் தீர்ப்பு கூறியது. அம்பேத்கார் வாதாடி 84 ஆண்டுகளுக்குப் பிறகு!

காந்திஜியின் கருத்து

கார்வேயை எதிர்த்தவர்கள் எல்லோரும் பழமைப் பித்தர்கள் என்று சொல்ல முடியாது. காந்திஜியே கருத்தடை சாதனங்களை எதிர்த்தார்.

குழந்தைகள் குறைவாக இருக்கவேண்டும் என்பதில் காந்திஜிக்கும் சம்மதம்தான். ஆனால் அதற்குப் புலன் அடக்கமே வழி என்றார். சாதனம் வந்தால் மனிதன் கட்டுப்பாட்டை இழப்பான், பெண் மேலும் போகப்பொருள் ஆவாள் என்று அஞ்சினார். 1935 டிசம்பரில் மார்கரெட் சாங்கர் வார்தாவுக்கு வந்து காந்திஜியிடம் நீண்ட நேரம் பேசினார். அவர் மனம் மாறவில்லை.

கார்வே இதை ஏற்கவில்லை. காந்திஜியின் கருத்தைத் தம் பத்திரிகையில் கடுமையாகத் தாக்கினார். நாடே வணங்கிய தலைவரை அப்படி எழுத அசாத்தியத் துணிவு வேண்டும். புலன் அடக்கத்தை மறுக்கும் கணவனிடம் மனைவி என்ன செய்ய முடியும் என்ற கேள்விக்கு, காந்திஜியின் வழியில் பதில் இல்லை என்பதே கார்வேயைப் போன்றவர்களின் வாதம்.

தெற்கே எழுந்த குரல்

இதே காலத்தில் தெற்கேயும் குரல் எழுந்தது. 1928-ல் சென்னையில் கருத்தடைக்காக ஒரு சங்கம் தோன்றியது. 1930-ல் மைசூர் சமஸ்தான சர்க்கார் தன் ஆஸ்பத்திரிகளிலேயே கருத்தடை நிலையங்கள் திறக்க உத்தரவிட்டது. உலகிலேயே ஒரு சர்க்கார் இப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை என்பார்கள்.

பெரியார் ஈ.வெ.ரா. "குடி அரசு" பத்திரிகையில் கர்ப்பத்தடையை ஆதரித்து எழுதினார். மற்றவர்கள் நாட்டின் வறுமையைக் காட்டியும், தாயின் உடல் நலத்தைக் காட்டியும் கர்ப்பத்தடையை ஆதரித்தார்கள். பெரியாரோ பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்றார். பம்பாயில் கார்வே மராட்டியில் எழுதியதும், ஈரோட்டில் பெரியார் தமிழில் எழுதியதும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன.

1938 நவம்பரில் பம்பாய் சட்டசபையில் கருத்தடைக்கு ஆதரவாக ஒரு தீர்மானம் வந்தது. கொண்டுவந்தது அம்பேத்காரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சி. அம்பேத்கார் தயாரித்த உரையை அவர் கட்சி உறுப்பினர் ரோகம் சபையில் படித்தார். தீர்மானம் தோற்றது.

நிலைத்து நின்ற சிலர்

கார்வே தனி மனிதராகவே உழைத்தார். ஆனால் அவர் போட்ட விதை வீண் போகவில்லை.

அவரது உறவினரான கணித மேதை ரெங்லர் பராஞ்சபேயின் மகள் சகுந்தலா பராஞ்சபே, கார்வேயைப் பின்பற்றி இந்தத் தொண்டில் இறங்கினார். பூனாவில் கருத்தடை நிலையம் நடத்தினார். பிற்காலத்தில் பாராளுமன்ற மேல்சபை நியமன உறுப்பினர் ஆனார். 1991-ல் பத்மபூஷண் விருது பெற்றார்.

சர்க்கார் ஏற்றது

நாடு விடுதலை பெற்றது. 1952-ல் இந்திய சர்க்கார் குடும்பக் கட்டுப்பாட்டை அதிகாரபூர்வமான திட்டமாக ஏற்றது. உலகில் இப்படி ஏற்ற முதல் நாடு இந்தியாதான்.

ஆனால் கார்வே எதிர்பார்த்தது உடனே நடக்கவில்லை. அப்போதைய சுகாதார மந்திரி ராஜகுமாரி அம்ருத் கௌர் காந்திஜியின் சீடர். சாதனங்களில் அவருக்கு விருப்பம் இல்லை. ஆகவே, மாதத்தில் கரு தரிக்காத நாட்களைக் கணக்கிட்டுப் பார்க்கும் முறையே முதலில் சோதிக்கப்பட்டது. டெல்லியிலும், பெங்களூர் அருகே ராமநகரத்திலும் இந்தச் சோதனை நடந்தது. நாள் கணக்கு வைக்கப் பெண்களுக்கு மணிமாலைகூடக் கொடுத்துப் பார்த்தார்கள். பெரிய பலன் இல்லை.

கார்வேயின் காலம் முடிந்துகொண்டிருந்தது. 1953-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி அவர் பம்பாயில் காலமானார். வயது 71. அவரோடு "சமாஜ் ஸ்வாஸ்த்ய"வும் நின்றுபோயிற்று. 26 ஆண்டுகள் அதை நடத்தியிருந்தார்.

மகன் இறந்தபோது தந்தை மகரிஷி கார்வே உயிரோடு இருந்தார். 1958-ல் தமது நூறாவது வயதில் பாரத ரத்னா விருது பெற்றார். 1962-ல் 104-வது வயதில் மறைந்தார். தந்தையையும் முதலில் ஊர் விலக்கி வைத்தது. பிறகு நாடு தலைவணங்கியது. அதைக் கண்ணால் காணும் ஆயுள் தந்தைக்குக் கிடைத்தது. மகனுக்குக் கிடைக்கவில்லை.

1968-ல் இந்திய சர்க்கார் "நிரோத்" ஆணுறையை மூன்று 15 காசு என்று மலிவு விலையில் கடைகளில் விற்கத் தொடங்கியது. எந்தப் பேச்சுக்காகக் கார்வே வேலையை இழந்தாரோ, அதை அவர் இறந்து 15 ஆண்டுகளில் சர்க்காரே விளம்பரம் செய்து பேசியது.

கட்டாயம் வந்தபோது

இங்கே ஒன்றை மறந்துவிடக்கூடாது. கார்வே கேட்டது பெண்ணின் விருப்பத்தை. சர்க்கார் நாளடைவில் கேட்டது எண்ணிக்கையை.

1975-ல் நெருக்கடி நிலை வந்தது. 1976-77 ஓராண்டில் மட்டும் ஏறத்தாழ 82 லட்சம் பேருக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்யப்பட்டது. பெரும்பாலோர் ஆண்கள். பல இடங்களில் ஏழைகளும் தொழிலாளர்களும் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். சம்பளத்தை நிறுத்துவோம் என்று சர்க்கார் ஊழியர்கள் மிரட்டப்பட்டதும் உண்டு.

கார்வே வாழ்ந்த மராட்டிய மாநிலத்திலேயே 1976-ல் ஒரு மசோதா நிறைவேறியது. மூன்று குழந்தைகளுக்குப் பிறகு கட்டாயமாக ஆபரேஷன் செய்யவேண்டும் என்றது அந்த மசோதா. ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைக்காததால் அது சட்டம் ஆகவில்லை.

1934-ல் சட்டம், தெரிந்துகொள்ளாதே என்றது. 1976-ல் அதிகாரம், செய்துதான் தீரவேண்டும் என்றது. இரண்டிலும் சம்பந்தப்பட்ட பெண்ணையோ ஆணையோ யாரும் கேட்கவில்லை. கார்வே எதிர்த்தது முதல் தவறை. அவர் உயிரோடு இருந்து, தம் கொள்கைப்படியே நடந்திருந்தால் இரண்டாவதையும் எதிர்த்திருக்க வேண்டும். விருப்பம் இல்லாத கர்ப்பம் எவ்வளவு கொடுமையோ, விருப்பம் இல்லாத ஆபரேஷனும் அவ்வளவு கொடுமை.

இன்றைய சட்டம்

1971-ல் கருக்கலைப்புச் சட்டம் வந்தது. குறிப்பிட்ட நிபந்தனைகளின் பேரில் தகுதி பெற்ற டாக்டர்கள் கருவைக் கலைக்கலாம் என்று அனுமதித்தது. 2021-ல் அது திருத்தப்பட்டு, சில வகைப் பெண்களுக்கு 24 வாரம் வரை என்று காலம் நீட்டப்பட்டது. மணமாகாத பெண்களுக்கும் இந்த உரிமை உண்டு என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது.

2009-ல் வந்த தீர்ப்பு ஒன்று இன்னும் ஆழமானது. குழந்தை பெறுவதா, வேண்டாமா என்று முடிவு செய்வது பெண்ணின் தனிமனித சுதந்திரத்தில் அடங்கியது என்றும், அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு அதைக் காக்கிறது என்றும் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது.

விஞ்ஞானம் இப்போது வெகுதூரம் வந்துவிட்டது. சோதனைக்குழாய்க் குழந்தை, வாடகைத்தாய் என்று புதுப்புது வழிகள். அவற்றை ஒழுங்குபடுத்த 2021-ல் இரண்டு சட்டங்கள் வந்தன. பணத்துக்காகக் கருவைச் சுமக்கும் வாடகைத்தாய் முறை தடை செய்யப்பட்டது. ஏழைப் பெண் சுரண்டப்படக்கூடாது என்பது சர்க்கார் சொல்லும் காரணம். தன் உடலைப் பற்றி அவள் எடுக்கும் முடிவில் சட்டம் எவ்வளவு தூரம் தலையிடலாம் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கருவி புதிது. கேள்வி பழையது. கார்வே கேட்ட அதே கேள்விதான்.

2001-ல் அமோல் பாலேகர் கார்வேயின் வாழ்க்கையை "த்யாஸ் பர்வ" என்ற மராட்டிப் படமாக எடுத்தார். அதன் பிறகே புதிய தலைமுறையில் பலருக்கு அவர் பெயர் தெரிந்தது.

இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சம்மா ஒரு பெண்ணை உட்காரவைத்து, அடுத்த குழந்தைக்கு இடைவெளி விடும் முறைகளைச் சாதாரணமாகச் சொல்கிறார். அவள் கேட்கிறாள். சந்தேகம் வந்தால் கேள்வியும் கேட்கிறாள். யாரும் போலீசைக் கூப்பிடுவது இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன குற்றத்துக்காகத்தான், 1934-ல் பம்பாயில் ஒரு கணிதப் பேராசிரியருக்கு 200 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது.